மூன்றாவது கியரில் திணறல்: மாற்றியமைத்த டர்போ கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால் வண்டி திணறுகிறது." புகார் இவ்வளவுதான். கூடவே ஒரு கோப்பு நிறைய பில்கள். வண்டிக்காரத் தம்பிக்கு வேலை ஒயிட்ஃபீல்டில், பெற்றோர் தாம்பரத்தில்; ஆகவே பெங்களூருக்கும் சென்னைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும் கார். பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே எரிபொருள் பம்ப்பை மாற்றியிருந்தார்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள். இக்னிஷன் காயில்கள் நான்கும் புதியவை, ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் புதியவை. திணறல் மட்டும் பழையது.

வண்டி 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான்; புகையின் விசையில் சுழன்று காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளுவது டர்போ. சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் வகை. காற்று வடிகட்டியை ஒட்டி, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் இருக்கிறது. இந்தக் கதையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நிறுவனம் கொடுத்த வடிகட்டிப் பெட்டிக்குப் பதிலாகத் திறந்த கூம்பு வடிகட்டி, பம்பருக்குப் பின்னால் டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், அதற்கான சிலிக்கான் ஹோஸ்கள், டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் அகலமான டவுன்பைப், காற்றை வெளியே துப்பும் புளோ-ஆஃப் வால்வு, இவற்றுக்கேற்ப மாற்றி எழுதிய இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருள் என்று மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்திருந்தன. பதிவுச் சான்றில் உள்ள வண்டியின் விவரத்தை மாற்றும் வேலைகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதை இப்படி வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவேன். கேட்டுக்கொள்வார்கள். அடுத்த மாதம் இன்னொரு பார்சல் வரும்.

ஸ்கேனரில் இரண்டு பிழைக் குறியீடுகள் இருந்தன. பி0299, அதாவது இசியூ கேட்ட அழுத்தத்தை டர்போ தரவில்லை. பி0300, அதாவது குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று இல்லாமல் அங்கங்கே மிஸ்ஃபயர், கலவை எரியாமல் போவது. இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள் என்றுதான் முந்தைய பட்டறையில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எரிபொருள் போதவில்லை, அதனால் எரியவில்லை, அதனால் இழுவை இல்லை. கேட்பதற்குக் கோவையாகத்தான் இருக்கிறது.

எனக்கு அதைவிட உதவியது, தம்பி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விஷயம். "சென்னையில் ஓட்டும்போது வெட்டி வெட்டி இழுக்கும் அண்ணா. இங்கே அப்படி அதிகம் இல்லை, ஆனால் மந்தமாக இருக்கும். பெட்ரோல் வித்தியாசம்தானே?" பெட்ரோல் என்று நான் நினைக்கவில்லை. ஒரே வண்டி ஓர் ஊரில் வெட்டுகிறது, இன்னோர் ஊரில் மந்தமாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஊரின் உயரத்தை.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 91 கிலோபாஸ்கல், சென்னையில் 101. டர்போ இல்லாத வண்டி இங்கே வந்ததும் பத்தில் ஒரு பங்கு காற்றை இழந்துவிடும். டர்போ வண்டி அந்த இழப்பை ஈடுகட்டப் பார்க்கும். இந்த இசியூ முழு மிதியில் கேட்பது 200 கிலோபாஸ்கல் மொத்த அழுத்தம். சென்னையில் அதைத் தர டர்போ வெளிக்காற்றைச் சுமார் 2 மடங்காக அழுத்தினால் போதும். பெங்களூரில் 2.2 மடங்கு வேண்டும். டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரே வெளி வெப்பநிலையில், டர்போவிலிருந்து வெளிவரும் காற்று இங்கே 15 டிகிரிக்குமேல் கூடுதலாகச் சூடாகும். பெங்களூரின் குளிர்ந்த காலைப் பொழுது அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் உண்டு. ஹோஸின் உள்ளே 200 இருக்கும்போது வெளியே சென்னையில் 101, இங்கே 91. ஹோஸை வெளிநோக்கித் தள்ளும் விசை இந்த வித்தியாசம்தான். சென்னையில் சுமார் 1 பார் (100 கிலோபாஸ்கல்), பெங்களூரில் சுமார் 1.1 பார். எங்காவது ஒரு இணைப்பு பலவீனமாக இருந்தால், அது இங்கேதான் முதலில் வாய் திறக்கும். இது அப்போதைக்கு வெறும் ஊகம். அளந்து பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பதில்லை.

அளவுப் பதிவை, நின்ற இடத்திலேயே உருளைகள் மீது வண்டியை ஓட்டி அளக்கும் டைனோவில் எடுத்தோம். மூன்றாவது கியரில் முழு மிதியைச் சாலையில் சோதிக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. ஓசூர் சாலை மேம்பாலத்தில் விடிகாலையில் போகலாம் என்று தம்பியே சொன்னார். எதிரே யார் வருவார்கள் என்பது நம் கையில் இல்லாத இடத்தில் அந்த வேலையை நான் செய்வதில்லை. டைனோவிலும் ஒரு சிக்கல் உண்டு. முன்னால் வைக்கும் மின்விசிறி சிறியதாக இருந்தால் இன்டர்கூலருக்குப் போதுமான காற்று கிடைக்காது. பிறகு சூட்டினால் வந்த மந்தத்தைக் கோளாறு என்று எண்ணிக்கொள்வோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே உட்காற்றின் வெப்பநிலை பழைய நிலைக்கு இறங்கும்வரை காத்திருந்தோம்.

பதிவில் பார்த்தவை எஞ்சின் வேகம், கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம், டர்போவைச் சுழற்றும் புகையில் ஒரு பகுதியை விலக்கிவிடும் கதவான வேஸ்ட்கேட்டுக்குப் போகும் கட்டளை, லாம்டா (காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தைக் காட்டும் எண்), எரிபொருள் திருத்தம் (கணக்கிட்ட பெட்ரோலில் இசியூ கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்), எரிபொருள் ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தம், சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கை. பதிவை விரித்ததும், ஒரு புகாருக்குள் மூன்று வேறு வேறு திணறல்கள் இருப்பது தெரிந்தது.

முதலாவது, 2,700 சுற்றிலிருந்து மெல்லத் தொடங்கும் மந்தம். இசியூ 200 கேட்கிறது, கிடைப்பது 172. வேஸ்ட்கேட்டை மூடிவைக்கும் கட்டளை 95 சதவீதத்தில் போய் முட்டி நிற்கிறது. டர்போ தன்னால் முடிந்த மட்டும் ஓடுகிறது, காற்று மட்டும் வந்து சேரவில்லை. இரண்டாவது, 3,400 சுற்றுக்கு அருகே எப்போதாவது வரும் கூர்மையான வெட்டு. அந்த இடத்தில் 2, 3ஆம் சிலிண்டர்களின் மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறுகிறது, லாம்டா ஒரு கணம் மெலிந்த கலவை, அதாவது பெட்ரோல் குறைவு, என்று காட்டுகிறது. மூன்றாவது, மிதியை விட்டுக் கியர் மாற்றி மறுபடி மிதிக்கும் கணத்தில் வரும் தடுமாற்றம். அப்போது லாம்டா 0.75க்கு இறங்குகிறது. கலவை செறிவு, அதாவது பெட்ரோல் அதிகம்.

எரிபொருள் ரெயில் கேட்ட 150 பாருக்குப் பக்கத்திலேயே கடைசிவரை நின்றது. ஆக, பம்ப்புக்கு இதில் வேலையே இல்லை.

பிறகு ஏன் பம்ப்பை மாற்றினார்கள்? அந்த லாம்டா காட்டிய மெலிவை நம்பித்தான். லாம்டா சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை. புகையில் மீந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. தீப்பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியேறுகின்றன. சென்சார் கண்ணுக்கு ஆக்சிஜன் மட்டும் படுகிறது. இலையில் சோறு மீந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பரிமாறியது அதிகம் என்று சொல்வது மாதிரி. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போனது அதற்குத் தெரியாது. மிஸ்ஃபயரும் மெலிவும் ஒரே கணத்தில் தெரிந்தால் முதலில் தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். மெலிவு முன்னதாகவே தொடங்கி, ரெயில் அழுத்தமும் கூடவே சரிந்து, அதன் பிறகு மிஸ்ஃபயர் வந்தால் எரிபொருளைச் சந்தேகிக்கலாம். எது முன், எது பின் என்று பதிவைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் ஆகும். பம்ப்பின் விலை அதைவிட அதிகம்.

எரிபொருள் திருத்த எண்களும் தெளிவாகப் பேசின. நின்றபடி ஓடும்போது பிளஸ் 4 சதவீதம், முழுச் சுமையில் மைனஸ் 9. பிளஸ் 4ஐப் பார்த்ததும் எங்கள் பட்டறைப் பையன் வெற்றிடக் கசிவு, அதாவது அளக்காத காற்று உள்ளே நுழைகிறது, என்றான். இருக்கலாம்தான், ஆனால் இன்றைய பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பிரதமர் அறிமுகம் செய்தது இதே பெங்களூரில், 2023 பிப்ரவரி 6ஆம் தேதி. இந்த வண்டியின் மென்பொருளை எழுதியது 10 சதவீதக் கலப்புக் காலத்தில். 10 சதவீதக் கலப்புக்கு ஒரு கிலோ பெட்ரோலுடன் முழுதாக எரியச் சுமார் 14.1 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலப்புக்குச் சுமார் 13.5 கிலோ போதும். அதே காற்றுக்குப் பெட்ரோல் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாக வேண்டும் என்று அர்த்தம். இசியூ அதைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அது நோயல்ல.

மைனஸ் 9 வேறு கதை. மாஃப் சென்சார் அளந்து கணக்கில் எழுதிய காற்று, சிலிண்டருக்குப் போகும் வழியில் எங்கோ வெளியேறுகிறது. வராத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் போகிறது; அந்த மிகுதியைத்தான் இசியூ குறைக்கப் பார்க்கிறது. பின் பம்பரில் சைலன்ஸர் வாய்க்கு மேலே படிந்திருந்த கருப்பும் அதற்குச் சாட்சி.

கசிவைத் தேடப் பலரும் முதலில் எடுப்பது புகை இயந்திரத்தை. நாங்களும் வைத்தோம். எங்கும் புகை வரவில்லை. வராதது ஆச்சரியமில்லை, புகை இயந்திரம் தரும் அழுத்தம் மிகக் குறைவு, 1.1 பாரில் மட்டும் திறக்கும் வாய் அதற்குத் திறக்காது. வடிகட்டியைக் கழற்றி, டர்போவின் உள்வாயில் ஒரு மூடியைப் பொருத்தி, பட்டறையின் காற்றுக் கம்ப்ரஸரிலிருந்து ரெகுலேட்டர் வழியே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். இதில் ஒரு எச்சரிக்கை. கிராங்க்கேஸ் காற்றுக்குழாயை அடைக்காமல் விட்டால் அழுத்தம் எண்ணெய்ப் பகுதிக்குப் போய் சீல்களைப் பிதுக்கிவிடும். குழாயை அடைத்து, எண்ணெய் மூடியையும் திறந்து வைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். உள்வால்வு திறந்திருக்கும் சிலிண்டர் வழியாகக் கொஞ்சம் காற்று சீறத்தான் செய்யும். அந்தச் சீறலைக் கசிவு என்று நினைத்து அலையக் கூடாது.

அரை பாரில் அமைதி. 0.8 பாரில் சோப்பு நீர் மெல்ல நுரைத்தது. 1 பாரைத் தாண்டியதும், இன்டர்கூலரின் கீழ்ப்பக்க ஹோஸ், குழாயின் மீது கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்து, ஓரமாக வாய் திறந்து காற்றைக் கக்கியது. அழுத்தத்தை இறக்கினால் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

ஹோஸைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. குழாயின் முனையில், ஹோஸ் வழுக்கிவிடாமல் பிடிக்கும் புடைப்பு வளையமே இல்லை. வெட்டிய இடத்தில் அப்படியே விட்டிருந்தார்கள். டர்போ வண்டிகளில் உட்காற்றோடு கொஞ்சம் எண்ணெய் ஆவியும் வரும். அது சிலிக்கானின் உட்புறம் படிந்து வழுக்கியது. மேலே போட்டிருந்தது திருகை முறுக்கி இறுக்கும் சாதாரண கிளாம்ப். முனையில் புடைப்பு உருட்டி, இரு பக்கத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, ஜே.சி. சாலையில் வாங்கி வந்த டி-போல்ட் கிளாம்ப்பைப் போட்டோம். வேலை சிறியதுதான். மறுசோதனையில் 1.3 பார்வரை ஹோஸ் அசையவில்லை.

டைனோவில் ஏற்றினோம். 200 கேட்டது, 199 வந்தது. வேஸ்ட்கேட் கட்டளை 68 சதவீதத்தில் நின்றது. மந்தம் போய்விட்டது. 3,300 சுற்றைத் தொட்டதும், முன்பு எப்போதாவது வந்த வெட்டு இப்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் வந்தது. அதுவும் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் தலை முன்னால் ஆடுகிற அளவுக்கு.

தம்பியின் முகம் மாறியது. "முன்னால் இதைவிட நன்றாக இருந்ததே அண்ணா" என்றார். உண்மைதான். இந்த இடத்தில்தான் பல பட்டறைகளில் வேலை தடம் மாறுகிறது. புதிதாகச் செய்த வேலையைச் சந்தேகித்து, கிளாம்ப்பைத் தளர்த்தி, இசியூ மென்பொருளை இறக்கி, வந்த வழியே திரும்பிப் போவார்கள். இங்கே மோசமானதுதான் வழிகாட்டியது. கசிவு இருந்தவரை சிலிண்டருக்குள் முழு அழுத்தமே போகவில்லை. அதனால் இரண்டாவது கோளாறு மறைந்தே இருந்தது. சென்னையில் ஹோஸ் குறைவாகத் திறந்தது, சிலிண்டருக்கு அதிகக் காற்று போனது, வண்டி வெட்டியது. பெங்களூரில் அதிகமாகத் திறந்தது, வண்டி மந்தமானது. தம்பி முதல் நாளே சொன்னதற்கு இப்போது பொருள் முழுதாக விளங்கியது.

அழுத்தம் ஏற ஏறத் தீப்பொறி ஏன் விழ மறுக்கிறது? 1889இல் ஃபிரீட்ரிஷ் பாஷென் கண்ட விதி இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. இரு முனைகளுக்கு இடையே பொறி பாயத் தேவையான மின்னழுத்தம், இடையே இருக்கும் வாயுவின் அடர்த்தியையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. எஞ்சின் இயங்கும் நிலைகளில், அடர்த்தி கூடினால் மின்னழுத்தமும் கூட வேண்டும். காயில் தருவதற்கு ஓர் எல்லை உண்டு. அடர்த்தியைக் குறைக்க முடியாது. அதற்காகத்தானே டர்போ வைத்திருக்கிறோம். மிச்சம் இருப்பது இடைவெளி.

காயில்களை இடம் மாற்றிப் பார்த்தோம். மிஸ்ஃபயர் காயிலோடு நகராமல் 2, 3ஆம் சிலிண்டர்களிலேயே இருந்தது. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றினோம். அலுமினியத் தலையில் சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை போய்விடும், அவசரப்படக் கூடாது. பிளக்குகள் புதியவைதான். இடைவெளி 1, 4ஆம் சிலிண்டர்களில் 0.8 மில்லிமீட்டர், 2, 3இல் 0.9. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருக்கிறார்கள். நிறுவனம் கொடுத்த அழுத்தத்தில் ஓடும் வண்டிக்கு அது பெரிய குறையாக இருந்திருக்காது. இந்த வண்டியில் அது எட்டாத தூரம்.

வெப்ப எண்ணில் ஒரு படி குளிர்ந்த, அதாவது முனையின் சூட்டை விரைவாகக் கடத்திவிடும், இரிடியம் பிளக்குகளை வாங்கினோம். கடையில் நின்று குழம்புகிற இடம் இது: என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் ஏறினால் குளிர்ந்தது, போஷ் பிளக்கில் எண் இறங்கினால் குளிர்ந்தது. இடைவெளியை 0.65 மில்லிமீட்டருக்குக் குறைத்தோம். இரிடியத்தின் நடு முனை ஊசி மாதிரி மெல்லியது. நாணய வடிவ அளவியை உள்ளே திணித்து நெம்பினால் முனை உடையும். பக்கவாட்டு முனையை மட்டும் பிடித்து வளைக்கும் கருவியால்தான் செய்ய வேண்டும்.

அடுத்த ஓட்டத்தில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யம். லாம்டாவில் அந்த மெலிவும் இல்லை. முழுச் சுமையில் எரிபொருள் திருத்தம் பிளஸ் 3க்கு வந்து நின்றது, நின்றபடி ஓடும்போது காட்டுவதற்குப் பக்கத்தில். இரண்டு எண்களும் இப்படி அருகருகே வருவதுதான் எனக்கு வேண்டியது; பூஜ்யமே வர வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது திணறலுக்குக் கண்டுபிடிப்பு தேவைப்படவில்லை, சமாதானம்தான் தேவைப்பட்டது. மிதியை விடும்போது எஞ்சினுக்குள் போகும் காற்றின் வழியை அடைக்கும் த்ராட்டில் மூடுகிறது, டர்போ தள்ளிய காற்று போக வழியின்றித் திரும்பி முட்டாமல் இருக்க ஒரு வால்வு திறந்து அதை வெளியேற்றுகிறது. நிறுவனம் கொடுத்த வால்வு அதை டர்போவின் உள்வாய்க்கே திருப்பி அனுப்பும். இவர் போட்டிருந்தது வெளியே துப்புவது. மாஃப் சென்சார் ஏற்கனவே அளந்துவிட்ட காற்று அது. வெளியே போனது இசியூவுக்குத் தெரியாது. அதற்கான பெட்ரோல் போய்விடும், கியர் மாற்றி மிதித்ததும் வண்டி மூச்சு முட்டும். மாஃப் இல்லாமல் குழாய் அழுத்தத்தை வைத்தே காற்றைக் கணக்கிடும் வண்டிகளில் இதே வால்வு இந்தத் தொல்லையைத் தராது. ஒருவர் வண்டியில் நன்றாக இருந்தது என்பதற்காக இன்னொருவர் வாங்குவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

"அந்தச் சத்தத்துக்காகத்தானே அண்ணா வாங்கினேன்" என்றார்.

"சத்தம் வேண்டுமென்றால் தடுமாற்றமும் சேர்ந்துதான் வரும் தம்பி. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்."

யோசித்துவிட்டுப் பழைய வால்வை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. மாட்டியதும் மறுமிதியில் லாம்டா 0.75க்கு இறங்குவது நின்றது.

இரண்டு சில்லறை வேலைகள். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்துவிட்டு வந்த ஒரு மாலையில் உட்காற்று 61 டிகிரி காட்டியது. திறந்த கூம்பு வடிகட்டி எஞ்சின் அறையின் சூட்டைத்தான் குடிக்கிறது. இசியூ அப்போது தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும், அதுவும் ஓட்டுபவருக்குத் திணறலாகத்தான் தெரியும். அலுமினியத் தகட்டில் ஒரு தடுப்பு செய்து, வெளிக்காற்று வர ஒரு குழாயும் விட்டோம். எண்ணெய் தடவும் வகை வடிகட்டி என்பதால், கழுவிய பிறகு எண்ணெயைக் குறைவாகத் தடவச் சொல்லியிருக்கிறேன். அதிகமானால் மாஃப் சென்சாரின் மீது படிந்து அளவைக் கெடுக்கும்.

உள்வால்வுகளைச் சிறு கேமராவை விட்டுப் பார்த்தபோது கரி படிந்திருந்தது. நேரடிப் பீய்ச்சல் எஞ்சின்களில் பெட்ரோல் வால்வைக் கழுவாது, அதனால் இது வரத்தான் செய்யும். காலையில் முதல் முறை கிளப்பும்போது சற்றுக் குலுங்குவதற்கு இது காரணமாக இருக்கலாம். மூன்றாவது கியர்ப் புகாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்யும் வேலையை இப்போதே முடித்துவிடலாம் என்று தம்பி கேட்டார். உட்குழாயைக் கழற்றி மாட்ட வேண்டிய வேலை அது. இப்போது செய்தால் சரிசெய்த மூன்றும் அப்படியே நிற்கின்றனவா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். முதலில் தாம்பரம் போய்வரட்டும், இரண்டு ஊரிலும் பதிவு எடுத்து அனுப்பட்டும் என்று சொல்லி ஒரு ஓபிடி கருவியைக் கையில் கொடுத்தேன். சென்னைப் பதிவில் 200க்கு 200, வேஸ்ட்கேட் கட்டளை 57 சதவீதம், மிஸ்ஃபயர் இல்லை. கரி வேலையை அடுத்த எண்ணெய் மாற்றத்தோடு வைத்திருக்கிறோம்.